கடைசிக்கு முந்தின ஆள்

பந்து அந்தப் பக்கம் போய்விட்டது, இனி அது திரும்பி வருகிறவரை சீலிக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம் என்று இல்லை. நடுக்கோட்டுக்கு நேரே, வெளிக்கோட்டை ஒட்டி, நீல ஜெர்சி நாலாம் நம்பர் எங்கே நிற்கிறாளோ அவளுக்குச் சரிக்குச் சரியாக வந்து நின்று, கொடியைத் தொங்கவிட்டு, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி விட வேண்டும். அறுபத்தோராவது நிமிஷம். ஆளுக்கு ஒரு கோல். சிவப்பு மணிப்பூர்க்காரிகள், நீலம் ஒடிசாக்காரிகள், ஊர் கோயம்புத்தூர், தேசிய மகளிர் லீக்கின் இறுதிப் போட்டி. நாளைக்குப் பேப்பரில் இதெல்லாம் பெரிய எழுத்தில் வரும், ஆனால் உதவி நடுவர் மரிய குணசீலிக்கு இந்த மைதானத்தில் பாதிதான் பாத்தியதை. நடுக்கோட்டிலிருந்து இந்த மூலை வரை. அந்தப் பாதி எதிர்த்த பக்கம் கொடி பிடிக்கிற கோவாக்காரப் பெண்ணுடையது. அங்கே என்ன ஆனாலும் சீலி வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான், பக்கத்து வீட்டில் சண்டை நடக்கிற மாதிரி. பின்னால் கேலரியின் முதல் படியில் இரண்டு பெண்கள், பஞ்சாலை விடுதியிலிருந்து பாஸ் கொடுத்துக் கூட்டி வந்தவர்களாம், வறுகடலையை உரித்து உரித்துத் தொலியை முன்னாலே தட்டுகிறார்கள், இரண்டு தொலி பறந்து வந்து சீலியின் சாக்ஸில் ஒட்டியிருக்கிறது. “ஏனக்கா, இந்தப் புள்ள பந்தத் தொடவே மாட்டேங்குது, எதுக்கு இந்த ஓட்டம் ஓடுது?” “அது கொடிக்காரப் புள்ள கண்ணு, லைன் பாக்குது.” “லைன் பாக்கறதுக்கு எதுக்கு ஓடோணும்? ஒரு எடத்துல நின்னு பாத்தா ஆகாதா?” ஆகாது அக்கா, ஆனால் எப்படிச் சொல்வது, திரும்பக்கூடாது, சிரிக்கவும் கூடாது. இவள் தமிழ்க்காரி என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால்தான் இவ்வளவு தைரியமாகப் பேச்சு. சற்றுமுன் மூத்தவள் இவள் இடுப்பைப் பற்றிக்கூட ஏதோ சொன்னாள். சொல்லட்டும். ஒரு பிள்ளை பெற்ற இடுப்பு அப்படித்தான் இருக்கும்.

ஒரு பிள்ளை. ஜெனிஷா. மூன்று வயசு ஆகி இரண்டு மாசம். அது இப்போது எதிர்த்த கேலரியில், வீட்டுக்காரர் மடியில் இருக்கும், அல்லது அவர் தோளில், அல்லது அவரை எங்கேயோ இழுத்துக்கொண்டு. காலையில் லாட்ஜில் பிள்ளைக்குத் தலை வாரிச் சிவப்பு ரிப்பன் கட்டிவிடும்போதே இருதயராஜிடம் சொல்லிவிட்டாள். “என்னங்க, எதிர்த்த பக்கம் போய் உக்காருங்க. எனக்குப் பின்னாடி வந்தீங்க, அப்புறம் தெரியும்.” அவர் மினி பஸ் ஓட்டுகிறவர், கண்ணாடியைப் பார்த்தே தலையாட்டிப் பழகியவர், லாட்ஜ் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்துத் தலையாட்டினார். “வரல புள்ள. நான் என்ன உன் கொடியவா புடுங்கப் போறேன்?” நல்ல மனுஷன். பிள்ளை பிறந்து பத்தாம் மாசம் மறுபடி ஓடப் போகிறேன் என்றபோது ஊரே வாயில் கையை வைத்தது, இவர்தான் கடைசி டிரிப் காலி வண்டியைக் கண்மாய்க் கரை ரோட்டில் மெதுவாக உருட்டிக்கொண்டு வர, சீலி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஓடினாள். உள்ளே மிச்சம் இருந்த நாலு பேரும் தலையை நீட்டி, “ஏ சீலி, ஏறிக்க, டிக்கெட்டு நாங்க எடுக்கறோம்” என்று சிரித்தார்கள். முதல் வாரம் ஓடினால் ஒன்றுக்குச் சொட்டிற்று. யாரிடம் சொல்வது? நர்ஸம்மாவிடம் சொன்னாள், அந்தம்மா, “எல்லாருக்கும் இருக்கறதுதான், யாரும் சொல்றதில்ல” என்று மூச்சை எப்படிப் பிடிக்க வேண்டும், எதை எப்படி இறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஆறு மாசம் ஆயிற்று. இப்போதும் இருமினால் ஒரு பயம் உண்டு, ஆகவே சீலி மைதானத்தில் இருமுவதில்லை. ஓட்டப் பரிசோதனையில் இருபது வயசுப் பெண்கள் நாலு பேர் நின்றுபோனார்கள், இவள் நிற்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை அவள் இன்னும் முழுக்கச் சாப்பிட்டு முடிக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துக்கொள்கிறாள். மேலே கூரைக்குக் கீழே நடுவர்களுக்கு மதிப்பெண் போடுகிற அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள், மடியில் அட்டை, மூக்கில் கண்ணாடி. இன்றைக்குச் சரியாகப் போனால் வெளிநாட்டு ஆட்டங்களுக்கான நடுவர் பட்டியலுக்குப் பெயர் போகும் என்று நடுவர் பிந்து நேற்றே காதைக் கடித்தாள். சரியாகப் போவது என்றால் என்ன? ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களில் ஒருத்தருக்குக்கூட கொடிக்காரியின் முகம் ஞாபகம் இருக்கக்கூடாது. அதுதான் சரி. உப்புச் சரியாக இருந்தால் உப்பைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

வருகிறது. நாலாம் நம்பர் பின்னால் போகிறாள், சீலியும் போகிறாள், முகம் மைதானத்தைப் பார்த்தபடி, பக்கவாட்டில், நண்டு மாதிரி. இந்த நாலாம் நம்பர் கறுத்து நெடுநெடுவென்று இருக்கிறாள், முடியை இறுக்கி உச்சியில் முடிந்திருக்கிறாள், நீலத்தின் கேப்டன். கோல்காரியை விட்டால் கடைசியில் நிற்பது இவள்தான், கடைசிக்கு முந்தின ஆள். சீலியின் வேலை முழுக்க இந்த ஒருத்தியின் நிழலாக இருப்பது. இவள் தோளிலிருந்து புல்லின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருப்பதாக வைத்துக்கொள், அந்தக் கயிற்றின் இந்த முனை சீலியின் நெஞ்சில். பந்தை முன்னால் உதைக்கிற அந்த நொடியில் சிவப்புக்காரி ஒருத்தி கயிற்றைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு, தாண்டாமல் நின்றால் ஆட்டம் நடக்கட்டும். உதைத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம். எல்லாம் அந்த ஒரு நொடிதான். கண் கயிற்றை விட்டு நகரக்கூடாது. அப்படியானால் உதைப்பதை யார் பார்ப்பது? யாரும் பார்ப்பதில்லை, காதுதான் கேட்கிறது. பூட்ஸ் பந்தில் படுகிற சத்தம், பொத்தென்று, மாவுச் சட்டியில் உள்ளங்கையால் தட்டினமாதிரி. இடது காதில் ஹெட்செட், அதில் பிந்துவின் மூச்சு, வலது காது திறந்தபடி. சிவப்பில் எட்டாம் நம்பர் பந்தோடு வருகிறாள், பதினோராம் நம்பர், குட்டையாக, வெடுக்கு வெடுக்கென்று, நாலாம் நம்பரின் முதுகுக்குப் பின்னால் ஊர்ந்து நிற்கிறாள், பொத், அரை உடம்பு தாண்டியிருந்தது. ஓடித் தொட்டாள். கொடி மேலே. பிந்துவின் விசில். “குட், சீலி” என்றது ஹெட்செட். பதினோராம் நம்பர் சீலியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், ஜெனிஷா தட்டில் கடைசி வாயை மறுக்கிறபோது பிதுக்குமே, அச்சு அசல் அதே பிதுக்கல். “புடிச்சுப்போட்டா பாரு, கொடிக்காரி கெட்டிக்காரிதான்” என்றது பின்னாலிருந்து கடலை.

மறுபடி நடுக்கோடு. எழுபதாவது நிமிஷம். நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது இருந்த வெயில் இப்போது சாய்ந்து கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் படுகிறது, காலையில் பால் சொசைட்டிக்கு நடக்கும்போது எந்தக் கன்னத்தில் படுமோ அதற்கு எதிர்க் கன்னம். இன்றைக்கு யார் பால் அளந்திருப்பார்கள்? செக்ரட்டரியே நின்றிருப்பார், அவருக்கு நுரையோடு ஊற்றினால் கண்டுபிடிக்கத் தெரியாது. சீலி ஐந்து வருஷமாக அங்கே அளக்கிறாள், பாலைத் தூக்கி ஊற்றும்போதே தண்ணீர் பட்டதா இல்லையா என்று மணிக்கட்டு சொல்லிவிடும், அப்படி ஒரு பேர் அவளுக்கு. பேர். தனபாக்கியம் அக்காவின் தூக்குவாளி... வேண்டாம். அது இப்போது எதற்கு. நாலாம் நம்பர் குனிந்து சாக்ஸை இழுத்துவிடுகிறாள், முழங்காலுக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று, நீளமாக, தையல் போட்டது. சீலிக்கும் ஒரு தையல் இருக்கிறது, அடிவயிற்றில், குளிர் நாளில் சுருக்கென்னும். இன்றைக்குக் குளிர் இல்லை. இருந்தும் ஒரு தடவை சுருக்கென்றது. பயம்தானோ? பயம் என்று சொல்ல முடியாது, பரீட்சை ஹாலில் கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன்னால் இருக்குமே அது. இருபது நிமிஷம் இருக்கிறது. இருபது நிமிஷம் என்பது பருப்பு வேகிற நேரம், அதற்குள் பொங்கி வழியாமல் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டுக்குப் போனதும் முதலில் இந்த பூட்ஸைக் கழற்ற வேண்டும், அப்புறம் நெத்திலிக் கருவாடு, அப்புறம் பிள்ளையை வயிற்றின் மேல் படுக்கப் போட்டுக்கொண்டு...

“சீலி, அலர்ட்” என்றாள் பிந்து. எண்பத்திரண்டு. சிவப்பு பந்தைப் பறித்துவிட்டது. எட்டாம் நம்பர் நடுவில், தலை தூக்கிப் பார்க்கிறாள், பதினோராம் நம்பர் இந்தப் பக்கம் சாய்ந்து வருகிறாள், நாலாம் நம்பர் பின்வாங்குகிறாள், சீலி அவளோடு, நண்டு, நண்டு, கயிறு நெஞ்சில் இழுபடாமல் இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. பதினொன்று நாலுக்குச் சமமாக வந்துவிட்டாள், தோளும் தோளும், இதோ, இப்போது உதைப்பாள், இப்போது. “அம்மா!” பின்னாலிருந்து. பின்னாலிருந்து, மிகக் கிட்டத்தில், கடலைக்காரப் பெண்களுக்குப் பக்கத்தில். சீலி திரும்பவில்லை, ஒரு மயிரிழைகூடத் திரும்பவில்லை, கண் கயிற்றின் மேலேயேதான் இருந்தது. ஆனால் காது போய்விட்டது. அது எந்த அம்மா என்று பார்க்கப் போய்விட்டது. விழுந்த அம்மா ஒன்று உண்டு, பசி அம்மா ஒன்று உண்டு, தொலைந்துபோன அம்மா, தூக்க அம்மா, இதோ பார் அம்மா. மூன்று வருஷமாக அந்தக் காது இரவும் பகலும் இதைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறது, யாரைக் கேட்டும் பிரிப்பதில்லை. இதோ பார் அம்மா. ஒன்றுமில்லை, எதையோ காட்டுகிறது. காது திரும்பி வந்தபோது பந்து காற்றில் இருந்தது. பதினோராம் நம்பர் நாலாம் நம்பரை ஒரு எட்டு தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். பொத் எங்கே? பொத் கேட்கவில்லை. பந்து அவள் காலில் பட்டதும் சீலியின் கை தானாக மேலே போயிற்று, கொடி மேலே நின்றது, அதைத் தூக்கியது யார் என்று தெரியாதவள்போல அண்ணாந்து பார்த்தாள். பதினோராம் நம்பர் எதையும் பார்க்காமல் உதைத்தாள், வலை குலுங்கிற்று, அதற்குப் பிறகு, நிச்சயமாக அதற்குப் பிறகு, பிந்து கொடியைக் கண்டு விசில் அடித்தாள்.

எல்லோரும் இவளைப் பார்க்கிறார்கள். சிவப்பு ஜெர்சிகள் ஓடி வருகின்றன, நீல ஜெர்சிகள் கையைத் தூக்கிக் கும்பிடுகின்றன, நாலாம் நம்பர் இவளை நோக்கிக் கட்டைவிரலைக் காட்டுகிறாள், சபாஷ் என்கிற மாதிரி. அந்தக் கட்டைவிரல். உதைக்கிற நொடியில் தோளும் தோளும் சமமாக இருந்ததா, இல்லை அதற்கு முந்தின நொடியா அது? மறுபடி ஓட்டிப் பார்க்கிறாள். தோளும் தோளும், அம்மா, ஒரு எட்டு. தோளும் தோளும், அம்மா, ஒரு எட்டு. நடுவில் ஒரு படம் இல்லை. அந்த இடத்தில் ஜெனிஷாவின் குரல்தான் இருக்கிறது. கை தூக்கியதே, கைக்குத் தெரிந்திருக்குமோ? கைக்குத் தெரியும் என்றுதானே அன்றைக்கும் நினைத்தாள். தனபாக்கியம் அக்கா கன்று போட்ட புது மாட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு கொண்டு வந்திருந்தாள், மழை நாள், சீலி லாக்டோமீட்டரைப் போட்டாள், அளவு குறைவாகக் காட்டிற்று, மணிக்கட்டும் ஆமாம் என்றது. “தண்ணி சேர்ந்திருக்குக்கா” என்றாள், வரிசையில் இருபது பேர் கேட்க. அந்த அக்கா தூக்குவாளியை எடுத்துப்போய் வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு நடந்தாள். சூடாக இருக்கிற பாலில் அளவு குறைவாகத்தான் காட்டும், ஆறவைத்துப் பார்க்க வேண்டும், அது சீலிக்குத் தெரியாதா? மத்தியானமே தெரிந்துவிட்டது. போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு நாள், வாரம் கழித்துச் சொன்னால் நன்றாக இருக்காது என்று ஒரு வாரம், அப்படியே இரண்டு வருஷம். அந்த அக்கா இப்போது தனியார் பண்ணைக்கு ஊற்றுகிறாள். எதிரே வந்தால் சிரிக்கவும் செய்கிறாள். அந்தச் சிரிப்புதான். சும்மா இருந்துவிடலாம். கொடி ஏறிவிட்டது, விசில் அடித்தாயிற்று, மேலே அட்டையில் அந்தம்மா எழுதியிருப்பார்கள், நல்ல முடிவு என்றுகூட எழுதியிருக்கலாம். தாண்டியிருந்தாலும் இருக்கும். இருக்கும். இருக்கும் என்பதற்குக் கொடி தூக்கக்கூடாது, முதல் பாடமே அதுதானே, சந்தேகம் இருந்தால் கொடி கீழே. கோல்காரி பந்தை எடுத்துக்கொண்டு வருகிறாள், ஃப்ரீகிக் அடித்துவிட்டால் முடிந்தது, அதன் பிறகு யாரும் எதையும் மாற்ற முடியாது. பந்தைக் கீழே வைக்கிறாள். உருட்டி நிறுத்துகிறாள்.

“பிந்து, நிறுத்து. அடிக்க விடாதே.”

விசில். “என்ன, சீலி?”

“நான் அந்த உதையைக் கேட்கல. எனக்குத் தெரியல.”

பிந்து, திருச்சூர்க்காரி, அவசரத்தில் பாதி மலையாளமாக, “தெரியலைன்னா? நீ கொடி பொக்கினதல்லே? ஆஃப்சைடு உறப்பா, நிச்சயமா?”

“நிச்சயம் இல்ல. தூக்கியிருக்கக்கூடாது. உன் விசில் பந்து உள்ள போனதுக்கு அப்புறம்தானே?”

“அப்புறம்தான்.”

“அப்ப கோல்தான் குடுக்கணும்.”

“சீலி, மேல ஆள் இருக்கு.”

“தெரியும். கோல் குடு.”

கொடியை இறக்கினாள். பிந்து நடுக்கோட்டைக் கைகாட்டினாள். அப்புறம் நடந்ததெல்லாம் மழைக்குள் நிற்கிறதைப்போலத்தான். நீல ஜெர்சிகள் பிந்துவைச் சுற்றின, ஒருத்தி புல்லை எட்டி உதைத்தாள், ஒருத்திக்கு மஞ்சள் அட்டை, அவர்களுடைய பயிற்சியாளர் எல்லைக் கோடு வரை வந்து இந்தியில் சீலியின் கண், படிப்பு, பரம்பரை எல்லாவற்றையும் விசாரித்தார், முகாம்களில் கற்ற இந்தியில் முக்கால்வாசி புரிந்தது, புரியாத கால்வாசிக்காகச் சீலி கடவுளுக்கு நன்றி சொன்னாள். கேலரியில் ஊளை. “தூக்குனத இறக்கிப்போட்டாளே, இவ சொல்லு ஒரு சொல்லா?” என்றாள் இளையவள். “அட, நம்ம சூப்பர்வைசரு ஒரு நாளாச்சும் இறக்கியிருக்கானா?” என்றாள் மூத்தவள், கடலையை மென்றபடி. பிறகு குரலைத் தணித்து, அது தணிந்த குரல் என்று அவள் நினைத்திருக்க வேண்டும், “ஏ கொடிக்காரக் கண்ணு, இந்தப் பாப்பா உன்றதுங்களா? அவுங்கப்பன் ஒன்னுக்குக் கூட்டியாந்துட்டு வழி தெரியாம நிக்கறாரு. நாங்க புடிச்சு உக்கார வெச்சிருக்கறோம், கடலை திங்குது. நீ லைனப் பாத்துட்டு ஓடு.” தமிழ் தெரியும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பிள்ளை அம்மா என்றதில் கண்டிருப்பார்கள். சீலி திரும்பவில்லை. கொடி இல்லாத கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு தடவை விரித்து மூடினாள், சரி அக்கா என்பதற்கு. பின்னால் ஒரு சிரிப்பு, பிள்ளைச் சிரிப்பு. அவர்மேல் கோபம் வர வேண்டும், வருகிறது, கொஞ்சம் பொறு, லாட்ஜில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்தால் அவர் என்ன செய்வார், இந்தப் பக்கம்தானே கழிப்பறை வைத்திருக்கிறான்கள். பட்டியல் போயிற்று. போயிற்று என்று சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள். வலிக்கத்தான் செய்தது, ஆனால் காலில் முள் எடுத்த இடம் வலிக்குமே, அந்த வலி, கால் ஊன்ற முடிகிற வலி.

எண்பத்தெட்டு. நீலம் மொத்தமாக அந்தப் பக்கம் ஏறிவிட்டது, ஒரு கோல் வேண்டும் அவர்களுக்கு. நாலாம் நம்பர் மட்டும் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால், இந்த ஓரமாகவே, சீலியிலிருந்து ஆறடி. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பதினோராம் நம்பர், இடுப்பில் கை வைத்து. இப்படி மூன்று பேர், முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்ட ஆட்டத்தைப் பார்த்தபடி, வண்டி போன பிறகு நிறுத்தத்தில் நிற்பவர்கள்போல. நாலாம் நம்பர் இவளைப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தபடியே, இந்தியில், பல்லைக் கடித்துக்கொண்டு, “தீதி, அவ தாண்டியிருந்தா. நான் பார்த்தேன்” என்றாள்.

ஆட்டக்காரியிடம் பேசக்கூடாது. “இருக்கலாம்” என்றாள் சீலி.

“இருக்கலாமா? நீதானே கொடி தூக்கின?”

“தூக்கினது தப்பு. அந்த நொடி எனக்குத் தெரியல.”

“கண்ணு எங்க போச்சு?”

“கண்ணு இங்கதான் இருந்துச்சு. காதுதான் போச்சு. என் பொண்ணு கூப்பிட்டா.”

நாலாம் நம்பர் இப்போது திரும்பினாள். முதலில் சீலியை, அப்புறம் கேலரியை, கடலைத் தொலிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற சிவப்பு ரிப்பனை. அவள் முகத்தில் ஒன்று வந்து போயிற்று, கோபமா, வேறா, அதைப் பார்க்கச் சீலிக்கு நேரமில்லை, கண் கயிற்றில் இருக்க வேண்டும். “என் கோச்கிட்ட இதச் சொல்லிடாத” என்றாள் நாலாம் நம்பர். “கொன்னுடுவார். உன்ன இல்ல, இதக் கேட்டுட்டுச் சும்மா நின்ன என்ன.” பிறகு, “இது எங்க டீமுக்கு முதல் ஃபைனல்” என்றாள். மன்னித்துக்கொள் என்றால் அதை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வாள்? எனக்கும் முதல் ஃபைனல் என்று சொல்ல வாய் வந்தது, விழுங்கிவிட்டாள்.

கூடுதல் நேரம் மூன்று நிமிஷம் என்று பலகை தூக்கினார்கள். நீலத்தின் கார்னர், தலை, கம்பம், கூட்டம் முழுக்க ஒரே அய்யோ, பந்து தெறித்து வெளியே வந்தது. எட்டாம் நம்பரின் காலுக்கு. நாலாம் நம்பர் சடாரென்று பின்னால் ஓடினாள், பத்து எட்டு, பதினைந்து, பதினோராம் நம்பரும் கூடவே, சீலியும் கூடவே, மூன்று பேரும் ஒரே கயிற்றில். வேறு யாரும் இல்லை. இந்தப் பாதி மைதானம் முழுக்கக் காலி, கோல்காரி மட்டும் தூரத்தில் மஞ்சளாக. எட்டாம் நம்பர் தலை தூக்கினாள். நாலாம் நம்பருக்கு இனி ஒரே வழிதான், ஓட வேண்டும், பதினோராம் நம்பரை ஒட்டி ஓடி, முந்தி, எப்படியாவது காலை நீட்ட வேண்டும், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள், முந்த முடியாது என்றாலும் செய்வார்கள், ஓடினேன் என்றாவது இருக்கும். அவள் ஓடவில்லை. நின்றாள். நின்று, பின்னால் அல்ல, முன்னால் இரண்டு எட்டு வைத்தாள், ஆட்டத்தை நோக்கி, பதினோராம் நம்பரைத் தன் முதுகுக்குப் பின்னால் தனியாக விட்டுவிட்டு. சீலியின் கால் கயிற்றையும் இழுத்துக்கொண்டு அவளோடு அந்த இரண்டு எட்டையும் வைத்தது, வைத்த பிறகுதான் புத்திக்கு உறைத்தது, இந்தப் பெண் என்ன காரியம் செய்கிறாள், ஆட்டத்தையே தூக்கி என் கையில் கொடுக்கிறாளே, என் கையிலா, கடைசி இரண்டு நிமிஷத்தில், கொடி இல்லை என்றால் அவ்வளவுதான், மூன்றுக்கு ஒன்று, ஊரில் இவள் தெருவில் நடக்க முடியாது. யாரை நம்பி? பின்னால் கேலரியே கத்துகிறது, யார் யாரோ கத்துகிறார்கள், அதற்குள் ஜெனிஷாவும் கத்துகிறாளாக இருக்கும், கத்தட்டும், அக்காக்கள் இருக்கிறார்கள். பொத். கேட்டது. துல்லியமாக, துணியை உதறினமாதிரி சுத்தமாகக் கேட்டது. பதினோராம் நம்பர் முழு உடம்பும் தாண்டி நின்றாள். பந்து தலைக்கு மேல் பறந்தது, சீலி கொடியைக் கீழேயே வைத்துக்கொண்டு காத்தாள், அவள் ஓடட்டும், தொடட்டும். ஓடினாள், தொட்டாள். கொடி ஏறிற்று. இந்தத் தடவை தூக்கியது யார் என்று சீலிக்குத் தெரியும். பிந்துவின் விசில் வலைக்கு வெகு முன்னாலேயே வந்தது. கொடியைக் கீழ்ச்சரிவாக இறக்கி இந்த ஓரத்தைக் காட்டினாள், இங்கேதான் பந்தை வைக்க வேண்டும் என்று. நாலாம் நம்பர் ஒரு கையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு, அந்த இரண்டு எட்டு வைத்த இடத்திலேயே, எதிர்த்த கோலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். பிறகு கையை இறக்கி, மேலே வரச்சொல்லி மற்றவர்களை அதட்டிக்கொண்டே நடக்கத் தொடங்கினாள். கொடி ஏறியதா என்று அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.